மாத்திரை இருக்கிறது, மறுபடி வந்து விசாரிக்க ஆள் இருக்கிறாரா?

1956-ல் சென்னையில் ஒரு ஆய்வு தொடங்கியது. நுரையீரலில் காசநோய் கண்ட 193 ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியினர் சானடோரியத்துக்குப் போனார்கள். அங்கே காற்றோட்டமான வார்டு, சத்தான சாப்பாடு, மாதக்கணக்கில் ஓய்வு, கவனித்துக்கொள்ள நர்சுகள். மறுபாதியினர் தங்கள் வீட்டிலேயே இருந்தார்கள். குடும்பம் முழுவதும் ஒரே அறையில் படுத்துறங்கும் வீடுகள் அவை. சாப்பாடு அரைவயிற்றுக்குத்தான். உடம்பு கொஞ்சம் தேறியதும் வேலைக்குப் போயாக வேண்டும். மருந்து மட்டும் இரு சாராருக்கும் ஒன்றே: ஐசோநியாசிட், பாஸ் என்ற இரண்டு மருந்துகள், தினந்தோறும், ஓராண்டுக்கு.

வீட்டில் இருப்பவர்கள் தேறமாட்டார்கள், தேறினாலும் அதற்குள் பெண்டாட்டி பிள்ளைகளுக்கு நோயைக் கொடுத்துவிடுவார்கள் என்பதுதான் அன்றைய மருத்துவ ஞானம். 1959-ல் முடிவு வெளியானது. சானடோரியத்தில் நோய் அடங்கியவர்கள் 92 சதவீதம். வீட்டில் 86 சதவீதம். வீட்டில் வைத்துச் சிகிச்சை செய்ததால் குடும்பத்தாருக்கு நோய் தொற்றுவது கூடவும் இல்லை. பாலும் முட்டையும் ஓய்வும் காற்றும் சேர்ந்து செய்ததாக நினைத்த வேலையில் பெரும்பங்கை மருந்தே செய்திருந்தது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து நடத்திய ஆய்வு இது. முன்னின்று நடத்தியவர் வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர். அந்த மையம்தான் இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். உலகெங்கும் பொதுச் சுகாதாரம் படிக்கிறவர்கள் அறிந்த இந்தப் பெயரை, அதன் வாசலைத் தினமும் கடந்து போகிற சென்னைவாசிகளில் எத்தனை பேர் அறிவார்கள் என்பது சந்தேகம்தான்.

முடிவைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் 92-ஐயும் 86-ஐயும் சொல்வார்கள். எனக்கு அந்த ஆய்வில் முக்கியமாகப் படுவது வேறு. வீட்டிலிருந்த நோயாளிகளை யாரும் அப்படியே விட்டுவிடவில்லை. வாராவாரம் மருந்து வாங்க அவர்கள் மையத்துக்கு வந்தார்கள். வராதவர்களைத் தேடிப் பணியாளர்கள் போனார்கள். சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மிச்சமிருக்கும் மாத்திரைகளை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்து, மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்தார்கள். குடிசையில் நோய் அடங்கியதற்கு மருந்து பாதிக் காரணம் என்றால், இந்தத் தேடிப்போதல் மறுபாதி. அடுத்த சில ஆண்டுகளில் அதே மையம், வாரம் இருமுறை நோயாளியை வரவழைத்துப் பணியாளர் கண்ணெதிரே மருந்து கொடுத்தாலும் நோய் குணமாகும் என்று காட்டியது. பின்னாளில் டாட்ஸ் என்ற பெயரில் உலகம் முழுக்கப் பரவிய முறையின் வேர்களில் ஒன்று இங்கே இருக்கிறது.

தொற்றுநோயானாலும் சரி, சுகர், பிரஷர் மாதிரி ஆயுளுக்கும் கூடவே வருகிற நோயானாலும் சரி, தமிழ்நாடு ஜெயித்த இடங்களில் எல்லாம் இந்தத் தேடிப்போதல் இருக்கிறது. தோற்கும் இடங்களில் அது அறுந்துபோயிருக்கிறது. மருந்தோ கட்டடமோ இல்லாமல் தோற்றது குறைவு.

படுக்கை திரும்பி வந்த கதை

தாம்பரம் சானடோரியம் என்று மின்சார ரயில் நிறுத்தத்துக்கே பெயர் கொடுத்த அந்த மருத்துவமனையை 1928-ல் நிறுவியவர் டேவிட் சௌரி முத்து. அதற்கு முன் இங்கிலாந்தில் மெண்டிப் மலைப்பகுதியில் ஒரு சானடோரியம் நடத்தியவர். கணிதமேதை ராமானுஜன் நோயுற்றுத் தங்கியிருந்த இடங்களில் அதுவும் ஒன்று. அக்காலத்தில் காசநோய்க்கு மருந்தே இல்லை. காற்றும் ஓய்வும் உணவும்தான் சிகிச்சை. நாட்டில் நோயாளிகளோ லட்சக்கணக்கில். படுக்கைகள் சில ஆயிரங்களில். இடம் கிடைக்கும் என்று காத்திருந்தே செத்தவர்கள் அதிகம். சென்னை ஆய்வு வந்தபிறகு, காசநோயாளிக்குக் கட்டில் கட்டாயமில்லை என்பது உலகக் கொள்கையானது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. மருந்து இலவசமாகக் கிடைத்தும், சளிப் பரிசோதனை ஊரூருக்கு வந்தும், காசநோயால் சாவது நிற்கவில்லை. உலகக் காசநோயாளிகளில் 26 சதவீதம் பேர் இந்தியாவில் இருப்பதாக உலக சுகாதார நிறுவனத்தின் 2024 அறிக்கை சொல்கிறது. 2025-க்குள் ஒழித்துவிடுவோம் என்று அறிவித்த நாடு இது. செத்தவர்களின் கணக்கை எடுத்துப் பார்த்தால் ஒரு விஷயம் துலக்கமாகத் தெரிந்தது. பெரும்பாலான சாவுகள் நோயைக் கண்டுபிடித்த முதல் இரண்டு மாதங்களுக்குள் நடக்கின்றன. மருந்து வேலை செய்யத் தொடங்கும் முன்பே உடம்பு தோற்றுவிடுகிறது.

2022-ல் தமிழ்நாடு அரசும், இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் தேசிய தொற்றுநோயியல் நிறுவனமும் சேர்ந்து ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ என்ற ஒன்றைத் தொடங்கின. அதில் பெரிய கருவிகள் எதுவும் இல்லை. காசநோய் என்று உறுதியானதும் அங்கேயே, அந்தச் சுகாதார நிலையத்திலேயே, பணியாளர் சில விஷயங்களைப் பார்க்கிறார். எடை, உயரத்தோடு ஒப்பிட்டால் மிகவும் குறைவா? மூச்சு நிமிடத்துக்கு எத்தனை? விரலில் மாட்டும் கருவி காட்டும் ஆக்சிஜன் 94-க்குக் கீழே போகிறதா? காலில் வீக்கம் உண்டா? பிடிமானம் இல்லாமல் தானாக நிற்க முடிகிறதா? எடைமெஷினும் ஆக்சிமீட்டரும் கைக்கடிகாரமும் போதும். எம்.பி.பி.எஸ். படித்தவர் பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை. இவற்றில் ஆபத்து தெரிந்தால், ‘மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போ’ என்று அனுப்பாமல் மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். சேர்ந்தாரா இல்லையா என்று அடுத்த நாள் விசாரிக்கிறார்கள். தொடக்கக்கால இறப்புகள் குறையத் தொடங்கின. பிற மாநிலங்களும் இதைக் கவனிக்கின்றன.

பார்த்தீர்களா, 1959-ல் வேண்டாம் என்று நிரூபித்த கட்டில் 2022-ல் திரும்பி வந்துவிட்டது. இதில் முரண்பாடு ஒன்றும் இல்லை. அன்று கேட்ட கேள்வி, எல்லோருக்கும் கட்டில் வேண்டுமா என்பது. இன்று கேட்கும் கேள்வி, யாருக்குக் கட்டில் வேண்டும் என்பது. ஏழைநாட்டுப் பொதுச் சுகாதாரத்தின் சாமர்த்தியம் பெரும்பாலும் இந்தப் பிரித்தறிதலில்தான் இருக்கிறது. நூறு பேரில் எண்பது தொண்ணூறு பேரை வீட்டுக்கு அனுப்ப ஒரு துணிச்சல் வேண்டும். மிச்சப் பேரை அடையாளம் காண ஒரு ஒழுங்கு வேண்டும். முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதை மறந்ததற்கு நாம் கொடுத்த விலை கொஞ்சநஞ்சம் அல்ல.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சானடோரியத்துப் பாலும் முட்டையும் பெரிய வித்தியாசம் செய்யவில்லை என்ற பழைய முடிவைப் பிடித்துக்கொண்டு, உணவை அலட்சியம் செய்தவர்கள் உண்டு. 2019 முதல் 2022 வரை ஜார்க்கண்டில் ‘ரேஷன்ஸ்’ என்ற பெயரில் ஒரு ஆய்வு நடந்தது. மருத்துவத் தம்பதியர் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா முன்னின்று நடத்தியது. நமது சேத்துப்பட்டு நிறுவனத்துக்கும் அதில் பங்கு உண்டு. 2,800 காசநோயாளிகளையும், அவர்களோடு ஒரே வீட்டில் வாழும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களையும் வைத்துப் பார்த்தார்கள். நோயாளிகள் எல்லோருக்கும் உணவுப்பொருள் கொடுத்தார்கள். வீட்டாரில் ஒரு பிரிவினருக்கு மட்டும் அரிசி, பருப்பு, சத்துமாத்திரை என்று மாதாமாதம் போனது. அந்தப் பிரிவில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. நோயாளிகளில், முதல் இரண்டு மாதத்தில் ஐந்து சதவீதம் எடை கூடியவர்கள் சாவது 61 சதவீதம் குறைவாக இருந்தது.

பட்டினியில் வாடும் குடும்பத்துக்கு அரிசியும் பருப்பும் ஏறக்குறைய தடுப்பூசிபோல வேலை செய்திருக்கின்றன. காசநோயாளிக்கு மத்திய அரசு மாதம் 500 ரூபாய் கொடுத்துவந்தது. 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ஆனது. நல்லது. ஆனால் பணம் நோயாளியின் வங்கிக்கணக்குக்குப் போகிறது. நோயாளியோடு ஒரே தட்டில் சாப்பிடும் பிள்ளைகளின் வயிற்றுக்குப் போகிறதா என்பதை யார் பார்ப்பது? ரேஷன் கடை இவ்வளவு வலுவாக இருக்கும் தமிழ்நாடு, காசநோயாளி வீட்டு ரேஷன் அட்டைக்குப் பருப்பைக் கூட்டிக்கொடுக்க யாருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

சுகரும் பிரஷரும்

காசநோய்க்கு முடிவு உண்டு. ஆறுமாதம் ஒழுங்காக மருந்து சாப்பிட்டால் பெரும்பாலோருக்குக் குணமாகிவிடும். சர்க்கரை நோய்க்கும் ரத்தக்கொதிப்புக்கும் அப்படி ஒரு கடைசித் தேதி கிடையாது. வலியும் இல்லை. இருமல் வந்தால் பக்கத்து வீட்டுக்காரருக்கும் கேட்கும். பிரஷர் ஏறுவது அவரவர் காதுக்கே கேட்காது. அதனால்தான் காசநோயைவிட இவற்றில் தேடிப்போதல் அதிகம் வேண்டும்.

2020-ல் தமிழ்நாட்டில் நடந்த ஒரு மாநிலம் தழுவிய கணக்கெடுப்பு, நாம் எங்கே நிற்கிறோம் என்று காட்டியது. பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு, அதாவது 33.9 சதவீதம் பேருக்கு, உயர் ரத்த அழுத்தம். 17.6 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். இதுகூட அதிர்ச்சி இல்லை. ரத்த அழுத்தம் உள்ளவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் வெறும் 7.3 சதவீதம். சர்க்கரையில் 10.8 சதவீதம். இந்தியாவிலேயே நல்ல சுகாதாரக் கட்டமைப்பு உள்ள மாநிலங்களில் ஒன்று என்று பெயர் வாங்கிய ஊரில், நூறு பிரஷர் நோயாளிகளில் ஏறக்குறைய 93 பேரின் ரத்தக்குழாய்கள் நாளும் பொழுதும் அடிவாங்கிக்கொண்டிருந்தன.

கட்டுக்குள் கொண்டுவர என்ன வேண்டும்? அம்லோடிபின், டெல்மிசார்டன், மெட்ஃபார்மின். விலை மலிவான பழைய மாத்திரைகள்தான். ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். பிரச்சினை இப்படித்தான் தொடங்கும்: அம்மாவுக்கு முகாமில் பிரஷர் என்று சொன்னார்கள். ஒரு மாத மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை தீர்ந்தது. தலைசுற்றல் நின்றுவிட்டது, இனி எதற்கு என்று விட்டுவிட்டார். அல்லது நாற்று நடவு வேலை. சுகாதார நிலையம் போனால் ஒருநாள் கூலி போச்சு. அல்லது எதிர்வீட்டு அக்கா சொன்னார், ‘சுகர் மாத்திரை கிட்னியைக் கெடுத்துடும்.’ கிட்னியைக் கெடுப்பது கட்டுக்கடங்காத சர்க்கரையே. மாத்திரையை நிறுத்தியவர்தான் டயாலிசிஸ் பக்கம் வேகமாகப் போகிறார். இதை யார் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொல்வது?

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இந்தக் கேள்விக்கான பதில். மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து தேர்ந்தெடுத்த பெண்கள், பிரஷர் பார்க்கும் கருவியும் சுகர் பார்க்கும் கருவியும் கையில் எடுத்துக்கொண்டு வீடுவீடாகப் போகிறார்கள். ஏற்கெனவே மருந்து சாப்பிடுபவர்களுக்கு மாத்திரையை வீட்டிலேயே கொடுக்கிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குப் பிசியோதெரபிஸ்ட்டும், வலிதணிப்புச் சிகிச்சை தரும் நர்சும் வருகிறார்கள். வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்குத் திரவப் பைகள் வீட்டுக்கே வருகின்றன. இத்திட்டத்துக்கு 2024-ல் ஐக்கிய நாடுகள் சபையின் விருது கிடைத்தது. அதே ஆண்டின் கடைசியில் பயனாளிகள் இரண்டு கோடியைத் தொட்டுவிட்டதாக அரசு அறிவித்தது.

விருதும் கோடியும் எனக்கு அவ்வளவு பெரிதாகப் படவில்லை. பரிசோதனை எண்ணிக்கை எப்போதும் ஏறிக்கொண்டேதான் போகும். ஒருவரையே மூன்றுமுறை பார்த்தாலும் ஏறும். கவனிக்க வேண்டியது வேறொரு எண். அடுத்த சுற்றுக் கணக்கெடுப்பில், ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருப்பவர்கள் 7.3-லிருந்து 17 சதவீதமாகவும், சர்க்கரை கட்டுக்குள் இருப்பவர்கள் 10.8-லிருந்து 16.7 சதவீதமாகவும் உயர்ந்தார்கள். மூன்று நான்கு ஆண்டுகளில் முதலாவது இரண்டு மடங்கைத் தாண்டியிருக்கிறது. மற்றது ஒன்றரை மடங்காகியிருக்கிறது. மனம்திறந்து பாராட்ட வேண்டிய முன்னேற்றம். அதே எண்ணைத் திருப்பிப் பார்த்தால், இன்னும் ஆறில் ஐந்து பேருக்குக் கட்டுப்படவில்லை.

ஏன் கட்டுப்படவில்லை என்பதற்குக் கள ஊழியர்களிடம் பேசினால் முதலில் வருகிற பதில், ‘ஆம்பளைங்க வீட்ல இருக்க மாட்டாங்க’ என்பதுதான். பகல் பதினொரு மணிக்குக் கதவைத் தட்டினால் பாட்டியும் மருமகளும் இருப்பார்கள். லோடு ஏற்றுகிறவர், ஆட்டோ ஓட்டுகிறவர், கம்பெனிக்கு ஷிஃப்ட் போகிறவர் சிக்கமாட்டார். நாற்பதுகளில் மாரடைப்பில் விழுகிறவர்களில் இவர்கள் நிறையப்பேர். 2024-ல் வந்த ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ இந்த ஓட்டையை அடைக்கத்தான். தொழிற்சாலை வரைக்கும் போயிருக்கிறது. மீன் மார்க்கெட்டுக்கும் கட்டட வேலை நடக்கும் இடத்துக்கும் அதே வேகத்தில் போக வேண்டும்.

தப்பித்தவறி நெஞ்சுவலி வந்துவிட்டாலும் ஒரு வழி இருக்கிறது. 2023 ஜூனில் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டப்படி, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே 14 மாத்திரைகளை உடனே கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். ஆஸ்பிரின் இரண்டு, குளோபிடோக்ரெல் நான்கு, அடார்வாஸ்டாடின் எட்டு. ரத்தம் உறைவதை உடனே தடுத்து வழியில் உயிர் போகாமல் காக்க. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ‘கேஸ்’ என்று சோடா குடிக்கிற நம் வழக்கத்தை மாத்திரையால் மாற்ற முடியாது. அதற்கும் வீட்டுக்கு வந்து சொல்ல ஆள் வேண்டும்.

வருமுன்

வந்தபிறகு பார்ப்பதைவிட வராமல் தடுப்பதே மேல் என்று மேடையில் பேசாத அமைச்சர் கிடையாது. எப்படித் தடுப்பது என்பதற்கு ஆதாரம் தேடி அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. சென்னையில் ஏ. ராமச்சந்திரனும் அவர் குழுவினரும் நடத்தி 2006-ல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேர் இருந்தார்கள். வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் மூன்றாண்டில் 55 சதவீதம் பேர் நோயாளி ஆனார்கள். நடக்கவும் உணவை மாற்றவும் பயிற்சி பெற்றவர்களில் 39 சதவீதம் பேர்தான். மெட்ஃபார்மின் மாத்திரையும் கிட்டத்தட்ட அதே பலனைத்தான் தந்தது. நடையும் மாத்திரையும் சேர்ந்தாலும் கூடுதல் பலன் இல்லை. அதாவது ஒழுங்காக நடப்பவருக்கு மேற்கொண்டு மாத்திரை அவசியமில்லை.

ஆய்வாளர்கள் ‘நடங்கள்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடவில்லை. போனில் கூப்பிட்டார்கள், மீண்டும் மீண்டும் நேரில் பார்த்தார்கள். 2013-ல் அதே குழு இன்னொன்றைக் காட்டியது. வேலைக்குப் போகும் 537 ஆண்களில் ஒரு பாதிக்கு, இரண்டாண்டுகள் செல்போனில் குறுஞ்செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். மற்ற பாதியில் 27 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. செய்தி போனவர்களில் 18 சதவீதம். வங்கிக் கடனுக்கும் ஆன்லைன் ரம்மிக்கும் நாளுக்குப் பத்துச் செய்தி வருகிற போனில், ‘இன்று நடந்தீர்களா?’ என்று ஒரு செய்தி வரக்கூடாதா?

திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கையில் நடந்தது இன்னும் எளிமையானது. அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவமனையை மையமாக வைத்து, 2000 முதல் 2003 வரை, 30 முதல் 59 வயதுப் பெண்களின் கருப்பை வாயைப் பயிற்சி பெற்ற நர்சுகள் பரிசோதித்தார்கள். அசெட்டிக் அமிலம், அதாவது மளிகைக் கடையில் கிடைக்கும் வினிகரின் சரக்கு, அதை நீர்த்துத் தடவிச் சற்று நேரம் காத்திருந்தால், சந்தேகத்துக்கு உரிய இடம் வெண்மையாகத் தெரியும். லேபுக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டாம். தேவைப்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் அங்கேயே உறையவைத்து அகற்றும் சிகிச்சை. ஏழாண்டுகள் கழித்துப் பார்த்தபோது, கருப்பைவாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும் அதனால் வரும் சாவு 35 சதவீதமும் குறைந்திருந்தன. 2007-ல் லான்செட்டில் வெளியான இந்த முடிவு பல ஏழைநாடுகளுக்கு வழிகாட்டியானது. அழைக்கப்பட்ட 49,000-க்கும் அதிகமான பெண்களில் வந்தவர்கள் 31,000-க்கு மேல். ஏறத்தாழ மூன்றில் இருவர். சங்கடமான பரிசோதனைக்கு இத்தனை கிராமத்துப் பெண்கள் வந்தார்கள் என்றால், அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பேசிய பெண்கள் இருந்தார்கள் என்று அர்த்தம்.

இந்தப் புற்றுநோய்க்குக் காரணம் ஒரு வைரஸ் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தொற்றுநோய் ஒரு அலமாரியில், வாழ்நாள் நோய் இன்னொரு அலமாரியில் என்று துறைகள் பிரித்துவைத்திருப்பது அலுவலக வசதிக்காக. உடம்பில் அப்படிப் பிரிவு கிடையாது. சர்க்கரை நோயாளிக்குக் காசநோய் வரும் ஆபத்து இரண்டு மூன்று மடங்கு அதிகம். 1986-ல் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்றைச் சென்னையில் கண்டறிந்தது சுனிதி சாலமன் தலைமையிலான குழு. அன்று மரணதண்டனையாகத் தெரிந்த அந்நோய், தினம் ஒரு மாத்திரையோடு வாழ்கிற நாள்பட்ட நோயாகிவிட்டது. தாம்பரம் சானடோரியம்தான் 1990-களில் எச்.ஐ.வி. நோயாளிகளைப் பெருமளவில் ஏற்றுக்கொண்ட மருத்துவமனை. மாத்திரையை விடாமல் சாப்பிடவைக்க அங்கே கற்றுக்கொண்டவை எல்லாம் சுகருக்கும் பிரஷருக்கும் அப்படியே பொருந்தும்.

சட்டம், ஸ்டோர், பிளீச்சிங் பவுடர்

வீட்டுக்கு ஆள் போகிறார் என்றால் அவருக்குப் பின்னால் ஒரு அமைப்பு இருக்க வேண்டும். பல மாநிலங்களில் பொதுச் சுகாதாரம் என்பது மருத்துவமனை நிர்வாகத்தின் ஒரு மூலை. தமிழ்நாட்டில் பொதுச் சுகாதாரத்துக்குத் தனி இயக்குநரகமும் தனி அதிகாரிகளும் தனி நிதியும் உண்டு. சென்னை மாகாணத்தின் 1939 பொதுச் சுகாதாரச் சட்டம் இந்தியாவில் அவ்வகையில் முதலாவது. உங்கள் மொட்டைமாடித் தொட்டியில் கொசுப்புழு இருந்தால் நோட்டீஸ் கொடுக்கும் அதிகாரம் அதிலிருந்துதான் வருகிறது. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் ஆயிரக்கணக்கில் பிணங்கள். முகாம்களில் நெருக்கியடித்த கூட்டம். காலரா வரும், டைஃபாய்டு வரும் என்று உலகம் எதிர்பார்த்தது. பிற மாவட்டங்களிலிருந்து சுகாதார ஆய்வாளர்கள் பிளீச்சிங் பவுடரோடு வந்து இறங்கினார்கள். குடிநீரில் குளோரின் அளவைத் தினமும் பார்த்தார்கள். பெரிய கொள்ளைநோய் எதுவும் வரவில்லை. வராத நோய்க்கு யாரும் மாலை போடுவதில்லை. ஆகவே அந்த ஊழியர்களின் பெயர் எங்கும் இல்லை. எல்லா மாநிலங்களிலும் இப்படி ஒரு தனிப் பணியாளர் அமைப்பு வேண்டும் என்று 2017-ன் தேசிய சுகாதாரக் கொள்கை சொன்னது.

மருந்து வந்துசேரும் வழிக்கு 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் இருக்கிறது. மொத்தமாகக் கொள்முதல், மாவட்டக் கிடங்கு, ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு பாஸ்புக், மருந்தின் ஒவ்வொரு தொகுதிக்கும் தரப் பரிசோதனை. கேட்க உப்புச்சப்பில்லாத விஷயம்தான். ‘ஸ்டாக் இல்லை, அடுத்த வாரம் வாங்க’ என்ற ஒரு வாக்கியம் எத்தனை பிரஷர் நோயாளிகளை நிரந்தரமாக விரட்டிவிடும் என்று யோசித்தால் அதன் அருமை தெரியும்.

டெங்குவில் மட்டும் நாம் இன்னும் வேடிக்கைக்கு மயங்குகிறோம். 2017-ல் தமிழ்நாட்டில் 65 பேர் டெங்குவால் இறந்ததாக அரசுக்கணக்கு. காய்ச்சல் பரவியதும் தெருவில் புகைமருந்து வண்டி வரும்; பின்னாலேயே வார்டு உறுப்பினரும் கேமராவும் வருவார்கள். புகை சாகடிப்பது பறக்கிற கொசுவை மட்டுமே. முட்டையும் புழுவும் வீட்டுக்குள், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டில், தேங்காய்ச் சிரட்டையில், மொட்டைமாடி டயரில், மூடாத டிரம்மில் பத்திரமாக இருக்கும். கொசுப்புழு தேடி வருகிற ஒப்பந்த ஊழியரைப் பல அடுக்குமாடி வீடுகள் வாசலிலேயே திருப்பி அனுப்புகின்றன. குடிசைகள் கதவைத் திறக்கின்றன. படித்தவர் குடியிருப்புகளில் டெங்கு ஏன் வருகிறது என்று ஆச்சரியப்படுவதில் அர்த்தமில்லை.

கணக்கை மாற்றுங்கள்

அரசுக்குச் சொல்ல மூன்று விஷயங்கள் இருக்கின்றன. முதலாவது, எத்தனை பேருக்குப் பரிசோதனை செய்தோம் என்ற எண்ணை விளம்பரப்பலகையிலிருந்து இறக்கிவிட்டு, எத்தனை பேருக்கு அளவு கட்டுக்குள் இருக்கிறது என்ற எண்ணை மாவட்டவாரியாக, ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். எதை எண்ணுகிறோமோ அதைத்தான் ஊழியர்கள் செய்வார்கள். பரிசோதனையை எண்ணினால் பரிசோதனை நடக்கும். மாத்திரையை விட்டவரைத் தேடிப்போவது நடக்காது.

இரண்டாவது, அந்தப் பெண்களின் சம்பளம். மக்களைத் தேடி மருத்துவத்தின் உயிர் அவர்கள்தான். அவர்கள் தன்னார்வலர் என்ற பெயரில், ஊக்கத்தொகையில் இருக்கிறார்கள். கையில் கருவியும் பட்டியலும் இலக்கும் கொடுத்துவிட்டுத் தன்னார்வம் என்று சொல்வது நியாயமில்லை. நல்ல ஊழியர் ஒருவர் இரண்டாண்டில் வேறு வேலைக்குப் போனால், அவரோடு இருநூறு வீடுகளின் நம்பிக்கையும் போய்விடும். புதியவரிடம் பாட்டி மறுபடியும், ‘மாத்திரை சாப்பிட்டுக்கிட்டுத்தாம்மா இருக்கேன்’ என்று பொய் சொல்லத் தொடங்குவார்.

மூன்றாவது, தனியார் மருத்துவமனைகளுக்குப் போகிறவர்கள். காசநோயிலும் சர்க்கரையிலும் கணிசமானோர் காசு கொடுத்துத் தனியாரிடம் பார்க்கிறார்கள். காசநோயைத் தனியார் மருத்துவர் அரசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டும் என்பது 2012 முதல் விதி. சுகருக்கும் பிரஷருக்கும் அப்படி எதுவும் இல்லை. அங்கே பாதியில் விட்டவரைத் தேடி யாரும் போவதில்லை. இன்னொரு டாக்டரைப் பார்க்கப் போயிருப்பார் என்று முதலில் பார்த்த டாக்டர் நினைத்துக்கொள்வார்.

வாசகருக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்கு முப்பது வயது தாண்டிவிட்டதா? கடைசியாக எப்போது பிரஷர் பார்த்தீர்கள்? ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்க்கக் கட்டணம் இல்லை, சர்க்கரைக்கும் அப்படியே. வீட்டில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை இலவசம், மருந்தும் இலவசம். பெண்களுக்குக் கருப்பைவாய்ப் பரிசோதனையும் அங்கே உண்டு. அடுத்தமுறை கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய ஒரு பெண் உங்கள் வாசல் கதவைத் தட்டினால், வேலை இருக்கிறது என்று அனுப்பிவிடாதீர்கள், கையை நீட்டுங்கள். அவருக்கு இரண்டு நிமிடம்தான் ஆகும்.